மனைவிக்கும் எனக்கும் எச்எல்ஏ பொருந்தவில்லை. நான் சிறுநீரகம் கொடுக்க முடியாதா?

மனைவி டயாலிசிஸில் இருக்கிறார், இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு, ஆனால் எச்எல்ஏ (தன்னுடையது எது, அந்நியமானது எது என்று உடம்பு கண்டுகொள்ள உதவும், அணுக்களின் மேலுள்ள அடையாளப் புரதம்) ரிப்போர்ட்டில் ஆறுக்குப் பூஜ்யம் என்று வந்துவிட்டது, இனி நான் கொடுக்கவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து மனசை விட்டுவிடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. என் அக்காவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்த சமயத்தில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் கூடவே போய், டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்த ஆறு எங்கிருந்து வருகிறது? ஏ, பி, டிஆர் என்று மூன்று வகை எச்எல்ஏ பார்ப்பார்கள். ஒவ்வொன்றிலும் அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. இவற்றின் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கம் பக்கமாக இருப்பதால், பெரும்பாலும் ஒரே கொத்தாகப் பிள்ளைக்கு வந்து சேரும். அதனால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதியாவது பொருந்தும். உடன்பிறந்தவர்கள் என்றால் முழுதாகப் பொருந்த 25 சதவீதம், பாதி பொருந்த 50, கொஞ்சமும் பொருந்தாமல் போக 25 சதவீத வாய்ப்பு. கணவன் மனைவி சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் ஒழிய, பொருந்தும் என்று எதிர்பார்க்கவே காரணம் இல்லை.

அப்படிப் பொருந்தாத சிறுநீரகம் வேலை செய்யுமா? டெராசாகி என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 1995இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவன் மனைவிக்குள் கொடுத்த சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்று ஆண்டு கழித்தும் வேலை செய்தன. பெற்றோர் கொடுத்ததில் 82, இறந்தவர்களிடமிருந்து எடுத்ததில் 70. உயிரோடிருக்கும் ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து எடுத்து உடனே வைப்பதற்கு அவ்வளவு பலன் இருக்கிறது. முழுதாகப் பொருந்தும் உடன்பிறப்பு கிடைத்தால் அது இன்னும் நல்லது, நீண்ட நாள் தாங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பதில்லையே.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கிராஸ்மேட்ச் பற்றித்தான். கொடுப்பவரின் வெள்ளை அணுக்களோடு நோயாளியின் சீரத்தை (ரத்த அணுக்களை நீக்கிய தெளிந்த நீரை) கலந்து, முயல் ரத்தத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட் என்ற புரதத்தையும் சேர்ப்பார்கள். அணுக்கள் செத்தால் பாசிட்டிவ். அதாவது, கொடுப்பவருக்கு எதிரான ஆன்டிபாடி (அந்நியமானதைத் தாக்கும் புரதம்) நோயாளியின் உடம்பில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. 1969இல் பட்டேலும் டெராசாகியும் எழுதிய கட்டுரையில், பாசிட்டிவாக இருந்தும் வைத்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே வீணானது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்குத்தான் அப்படி ஆனது. அதற்குப் பிறகு இந்தப் பரிசோதனை வழக்கமாகிவிட்டது.

அந்த ஆன்டிபாடி எப்படி வருகிறது? ரத்தம் ஏற்றியதால் வரலாம், முன்பு வைத்த சிறுநீரகத்தால் வரலாம், கர்ப்பத்தாலும் வரலாம். குழந்தையின் உடம்பில் பாதி அப்பாவின் எச்எல்ஏ. அந்த அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலக்கும்போது சில பெண்களுக்குக் கணவருக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகிவிடும். எங்கள் அக்காவுக்கு அதுதான் நடந்தது. அத்தான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நான் தருகிறேன் என்றார். ரத்தப் பிரிவும் ஒன்றுதான். கிராஸ்மேட்ச் பாசிட்டிவ். இரண்டு பிள்ளை பெற்றவள் என்பதால் இருக்கலாம் என்று டாக்டர் விளக்கியபோது அத்தான் உடைந்துபோனார். கடைசியில் அம்மா கொடுத்தார், நெகட்டிவ் வந்தது. அக்கா இன்று, உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள்.

உங்கள் மனைவிக்குப் பிள்ளைப்பேறு ஆகியிருந்தால், கிராஸ்மேட்ச்சோடு, கொடுப்பவருக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் டிஎஸ்ஏ என்கிற பரிசோதனை பற்றியும் நெஃப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக டாக்டரிடம்) கேளுங்கள். குறைந்த அளவில் ஒளிந்திருக்கும் ஆன்டிபாடியையும் அது காட்டிவிடும். வளர்ந்த மகனோ மகளோ கொடுக்க முன்வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும், அவர்களிடமும் உங்கள் பாதி இருக்கிறது.

பாசிட்டிவ் வந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. பிளாஸ்மா மாற்றி ஆன்டிபாடியைக் குறைத்துவிட்டு வைக்கும் முறை இருக்கிறது, செலவும் தொற்று அபாயமும் அதிகம். அதைவிட எனக்கு ஸ்வாப் முறைதான் நல்லதாகப் படுகிறது. உங்களைப் போலவே பொருந்தாத இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக் கொடுத்துக்கொள்வது. 2011இல் திருத்தப்பட்ட இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் இதை அனுமதிக்கிறது. அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

அப்புறம், இப்போதே செய்யவேண்டிய ஒன்று. ரத்தம் ஏற்றினால் ஆன்டிபாடி வரலாம் என்பதால், ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே அதற்கு ஒப்புக்கொள்ளாமல், சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசியிலும் இரும்புச்சத்திலும் சமாளிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். அவசரத்துக்கு ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால், வெள்ளை அணு வடிகட்டிய ரத்தம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஏற்றிய தேதியைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். கிராஸ்மேட்ச் முடிந்தபிறகு ரத்தம் ஏறியிருந்தால் அதை மறுபடியும் செய்து பார்க்க வேண்டும்.