மகன் பாஸ்டர் ஆகப் போகிறேன் என்கிறான்: பாலக்கோட்டு அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா, ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்தேன். மகன் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். பாலக்கோட்டில் உங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிறான், ஆராதனையும் நடத்துகிறான். உபவாச ஜெபத்துக்கு வந்த ஒரு ஊழியர் அவன் தலையில் கை வைத்து, உனக்கு ஊழிய அழைப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, படிப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெங்களூரில் ஒரு வருட பைபிள் ஸ்கூலில் சேர வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான். ஆலயத்துக்கு வராத அவன் அப்பா, ஓசூரில் கம்பெனி வேலை கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறார். நடுவில் நீங்கள். சம்பளம் வருமா, அந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டா, தடுத்தால் தேவனுக்கு விரோதமாகிவிடுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இனி முப்பது வருடம் அவன் ஜனங்களிடம் எதைச் சொல்லப் போகிறான்? எந்தக் கல்லூரி, எவ்வளவு வருமானம், எந்தச் சபை என்பதெல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்தே அமையும். என்னிடம் வரும் பையன்கள் பலரும் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்கிறார்கள். எதை அறிவிக்கப் போகிறாய் என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவனை உட்கார வைத்து, 'உன் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சுவிசேஷத்தைச் சொல்லு' என்று கேளுங்கள். ஆசீர்வாதம், உயர்வு, தடை உடையும், சத்துரு ஓடிப்போவான் என்று மட்டும் சொன்னால், அவன் இன்னும் ஆயத்தமாகவில்லை. கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதைத்தான் பவுல் கொரிந்து சபைக்குப் பிரதானமாக ஒப்புவித்ததாக எழுதுகிறார். முதலாம் நிருபம் 15ஆம் அதிகாரம். மகன் தட்டுத்தடுமாறியாவது அந்த இடத்துக்கு வந்துசேர்கிறானா என்று பாருங்கள். நான் கெட்டிக்காரன் என்பதாலோ நன்றாக ஜெபிக்கிறேன் என்பதாலோ தேவன் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை, கிறிஸ்து எனக்காகச் செய்து முடித்ததால் ஏற்றுக்கொண்டார் என்று அவன் வாயிலிருந்து வந்தால் சந்தோஷப்படுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்துச் சபைகளுக்கு ஜனங்கள் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். குடிக்கிற புருஷன், வாரத் தவணைக் கடன், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் போனையே எடுக்காத பிள்ளை, தீராத வயிற்றுவலி. ஒரு போதகர் இவை எல்லாவற்றுக்காகவும் ஜெபிக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் கூடவே போக வேண்டும். ஆனால் உன் பிரச்சினை தீரும் என்பதையே அவர் செய்தியாக்கிவிட்டால், தீராத வீட்டுக்கு அவர் எதைச் சொல்வார்? பிள்ளை பிழைக்கவில்லை என்றால் அந்தத் தாய்க்கு இரண்டே வழிதான் மிஞ்சும். ஒன்று, தேவன் பொய் சொல்லிவிட்டார் என்று போய்விடுவாள். இல்லையென்றால், என் விசுவாசம் பத்தவில்லை, பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று நம்பிவிடுவாள். இரண்டாவது முதலாவதைவிடக் கொடுமை. இப்படி நொந்துபோன பெண்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவரைச் சொல்கிற போதகருக்கு அந்தச் சாவு வீட்டிலும் சொல்ல வார்த்தை இருக்கிறது. சுகமானவன் வீட்டிலும் அவர் அதையேதான் சொல்லப் போகிறார்.

அவன் ஆராதனை நடத்துகிறவன் என்பதால் பாட்டைப் பற்றியும் பேச வேண்டும். சுவிசேஷம் பிரசங்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. ஜனங்கள் வாரம் முழுக்க வாயில் முணுமுணுப்பது பாட்டைத்தான். கடந்த இரண்டு மூன்று மாதம் அவன் பாடவைத்த பாடல்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனையில் சிலுவை வருகிறது, எத்தனையில் பாவமன்னிப்பு வருகிறது, உயிர்த்தெழுதல் ஈஸ்டர் தவிர வேறு எப்போதாவது வருகிறதா, கண்ணீரோடு வந்தவர் பாட ஒரு பாட்டாவது இருந்ததா என்று அவனே எண்ணிப் பார்க்கட்டும். சங்கீதப் புத்தகத்தில் அழுகைப் பாட்டுகள் எவ்வளவு இருக்கின்றன! நம் மேடையில் அவற்றுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

அப்புறம் ஞாயிறு ஆராதனையின் அமைப்பு. வேத வாசிப்பு, பாவ அறிக்கை, மன்னிப்பின் வார்த்தை, விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், திருவிருந்து என்ற வரிசையைப் பெரியவர்கள் சும்மா போட்டுவைக்கவில்லை. பாவியாக வந்து, மன்னிப்பைக் கேட்டு, கர்த்தருடைய பந்தியில் உட்கார்ந்து, திரும்ப வீட்டுக்கு அனுப்பப்படுகிறோம். சுவிசேஷம் முழுவதும் அந்த நடையிலேயே இருக்கிறது. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபைகளிலும் இது ஆராதனைப் புத்தகத்திலேயே உண்டு. அங்கே இருக்கிற ஆபத்து, மனசு போகாமல் ஒப்பிப்பது. தனிச் சபைகளில் எல்லாம் நடத்துகிறவர் கையில் இருக்கிறது. பாட்டும் அறிவிப்பும் பிறந்தநாள் ஜெபமும் நீண்டுகொண்டே போக, வேத வாசிப்பு சுருங்கிவிடும். மாதம் ஒரு முறை வரும் திருவிருந்தை மணி ஆகிவிட்டது என்று அவசரமாக முடிப்பார்கள். அந்த அப்பத்தைப் புசித்துப் பாத்திரத்தில் பானம்பண்ணும்போதெல்லாம் கர்த்தருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள் என்கிறது வேதம். அதைக் கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் அடைக்கலாமா? உங்கள் மகனுக்கு இது உறுத்துகிறதா என்று பேசிப் பாருங்கள். உறுத்தினால் அவனுக்குள் ஒரு மேய்ப்பன் இருக்கலாம்.

சரி, படிப்பு.

முதலில் பி.எஸ்சி.யை முடிக்க வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. ஊழிய அழைப்பு உண்மையானால் அது செமஸ்டர் தேர்வு முடியும்வரை காத்திருக்கும். பட்டம் இருந்தால்தான் நல்ல இறையியல் கல்லூரிகளில் பட்டதாரிகளுக்கான படிப்பில் சேர முடியும். இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் வரும் கல்லூரிகளில் பட்டதாரிகளுக்கு பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம் நான்கு வருடம். செராம்பூர் கல்லூரி, 1818இல் மிஷனரிகளான கேரியும் மார்ஷ்மேனும் வார்டும் தொடங்கியது. அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையை டென்மார்க் அரசர் 1827இல் கொடுத்தார். மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூர் யு.டி.சி. எல்லாம் இந்த வரிசை. சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் ஆயராக வேண்டுமென்றால் பொதுவாக இந்தப் பாதைதான். அங்கேயும் சேகரத்தின் (உள்ளூர்ச் சபைத் தொகுப்பின்) பரிந்துரையும் பேராயத்தின் (மறைமாவட்டத்தின்) நேர்முகத் தேர்வும் உண்டு. சுயேச்சைச் சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் பெரும்பாலும் ஏசியா தியோலாஜிக்கல் அசோசியேஷன் அங்கீகரித்த கல்லூரிகளை நாடுகின்றன. அங்கே பட்டதாரிகளுக்கு எம்.டிவ். என்ற இறையியல் முதுநிலைப் படிப்பு மூன்று வருடம். ஆனால் அது சபைகளுக்கு இடையிலான அங்கீகாரம். யு.ஜி.சி. பட்டம் ஆகாது. அரசு வேலைக்கு அதைக் காட்ட முடியாது. பி.எஸ்சி. முக்கியம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வருடச் சான்றிதழ் படிப்பு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் வாலிபர் ஐக்கியத் தலைவர்களுக்கும் நல்லது. ஒரு சபையையே சுமக்கப் போகிறவனுக்கு அது போதாது. பணம் கட்டினால் கௌரவ டாக்டர் பட்டம் தருகிற இடங்களின் பக்கமே அவன் போக வேண்டாம்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேரும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். வேதத்தின் புத்தகங்களை முழுதாக நடத்துகிறார்களா, அல்லது தலைப்புவாரியாக வசனம் பொறுக்குகிறார்களா? வாரக் கடைசியில் மாணவர்களை அனுபவமுள்ள போதகரோடு ஒரு சபையில் வைத்துப் பழக்குகிறார்களா? அங்கே படித்துவிட்டுப் பத்து வருடம் ஆனவர்கள் இப்போது எங்கே, என்ன பிரசங்கிக்கிறார்கள்? கட்டடத்தையும் வெளிநாட்டுப் பேச்சாளர்களின் படங்களையும் பார்த்து மயங்காதீர்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் கல்லூரியின் நிஜமான மதிப்பெண்.

உங்கள் பக்கத்து ஊர்க் கதை ஒன்றை அவனிடம் சொல்லுங்கள். அமெரிக்காவின் மிசூரி சினட் லுத்தரன் சபையின் இந்திய ஊழியம் 1895இல் கிருஷ்ணகிரியில்தான் தொடங்கியது. தொடங்கியவர் தியோடர் நேதர். அவரும் ஆம்பூரில் ஊழியம் செய்த பிரான்ஸ் மோனும் அதற்கு முன் வேறொரு மிஷனில் இருந்தவர்கள். வேதத்தின் அதிகாரத்தைப் பற்றிய உபதேசத்தில் அந்த மிஷனோடு ஒத்துப்போக முடியாமல், கையில் இருந்த பிழைப்பை இழந்து வெளியே வந்தார்கள். நேதர் 1904இல் கிருஷ்ணகிரியிலேயே பிளேக் நோயில் இறந்தார். இன்று இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று நிற்பது அந்த விதைதான். அவர்கள் கருத்து எல்லாவற்றையும் ஏற்கச் சொல்லவில்லை. போதிக்கிற விஷயம் பிழைப்பைவிடப் பெரிது என்று நினைத்த வாலிபர்கள் நம் மண்ணிலேயே உழைத்திருக்கிறார்கள் என்பதை அவன் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது சம்பளம். பெரிய சபைகளில் சம்பள விகிதம் உண்டு, தங்க வீடு உண்டு, சில வருடத்துக்கு ஒரு முறை இடமாற்றமும் உண்டு. ஒரே ஆயர் நாலைந்து கிராமங்களைச் சுற்றி வர வேண்டியிருக்கும். தனிச் சபையில் காணிக்கைதான் வருமானம். கிராமத்தில் ஒரு சிறிய சபையைத் தொடங்கினால் முதல் சில வருடங்களுக்கு அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், அவனும் இதை இப்போதே கேட்கட்டும்.

ஆகவே கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு கூடாரம் தைத்தார் என்று அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. அரிசி வாங்க ஒரே ஒரு பெரிய காணிக்கைக்காரரை நம்பியிருக்கும் போதகரால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து மனந்திரும்பு என்று சொல்ல முடியாது. செய்தி மெல்ல மெல்ல வளையும். ஆக, வருமானக் கேள்வியும் சுவிசேஷத்தைக் காக்கிற கேள்விதான். இயற்பியல் படித்தவன் பி.எட். முடித்து ஆசிரியர் ஆகலாம். ஓசூரில் அப்பா சொல்கிற கம்பெனி வேலையையே இரண்டு வருடம் பார்க்கலாம். ஷிப்டில் நின்று வேலை செய்தவனுக்கு, ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு ஆராதனையில் தூங்கி வழிகிற ஆளின் கஷ்டம் புரியும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, வடமாநிலத் தொழிலாளர்களும் நிறைய. அந்த இரண்டு வருடத்தில் ஒரு மொழியாவது கற்றுக்கொண்டால் பின்னால் எந்த இறையியல் பட்டத்துக்கும் குறையாமல் உதவும்.

பணத்தைப் பற்றி இன்னொன்று. காணிக்கைக்கு அவன் சொந்த ஜிபே எண்ணைத் திரையில் போடக் கூடாது. சபைக் கணக்கு சபையின் பெயரில், பொருளாளர் கையில் இருக்க வேண்டும். ஆலய நிலம் அவன் பெயரில் இருக்கக் கூடாது. இந்தப் பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.

கடைசியாக, உங்கள் பயம். தடுத்தால் தேவனுக்கு விரோதமாகுமோ என்று தூக்கமில்லாமல் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, பொறுத்திரு என்று சொல்வது தடுப்பது ஆகாது. சபைக்குக் கண்காணியாக இருப்பவன் நூதன சீஷனாக, அதாவது விசுவாசத்துக்குப் புதியவனாக, இருக்கக் கூடாது என்று தீமோத்தேயுவுக்கு எழுதினவரும் பவுல்தான். ஒரு நாள் வந்துபோன ஊழியரின் வார்த்தையை உங்கள் சபை மூப்பர்களும் போதகரும் நிதானித்துப் பார்க்கட்டும். மெய்யான அழைப்பென்றால் சோதித்துப் பார்ப்பதால் அது குறைந்துபோகாது. அதே அதிகாரத்தில், புறம்பானவர்களிடத்தில் நற்சாட்சி பெற்றவனாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தப் புறம்பானவர் அவன் அப்பா. அவரிடம் கத்திவிட்டு, ராத்திரியில் பை தூக்கிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறுகிறவன் எந்த வாயால் அவருக்குச் சுவிசேஷம் சொல்வான்? அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கப் பழகட்டும். ஊழியத்தின் முதல் பாடம் அங்கேதான்.

தேர்வு முடிந்ததும் ஒரு வருடம் அவனை உங்கள் போதகரோடு விடுங்கள். மேடைக்கு வேண்டாம். ஆஸ்பத்திரி, சாவு வீடு, ஞாயிறு பள்ளி, ஆலயம் கூட்டுவது, வீடு சந்திப்பு. கீபோர்டை ஆறு மாதம் வேறொரு தம்பி வாசிக்கட்டும். கைதட்டலும் மைக்கும் இல்லாமலேயே அதே ஆசை இருக்கிறதா என்று அவனுக்கே தெரிய வேண்டும். ஒரு வருடத்துக்குப் பிறகும் இருந்தால், அடுத்த கல்வியாண்டுக்கு இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது நீங்கள் மட்டும் போகாமல் அவன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். கட்டணம், விடுதி, படித்து முடித்தபின் என்ன என்பதையெல்லாம் அவரே முதல்வரிடம் கேட்கட்டும்.