"ஏன் டாக்டர் ஆகணும்?" இந்தக் கேள்விக்கு பதில் வரலன்னு எழுதுன தம்பிக்கு

தம்பி, மெடிக்கல் காலேஜ் அப்ளிகேஷனுக்காக ஏன் டாக்டர் ஆகணும்னு நீ எழுதி அனுப்புன ஸ்டேட்மென்ட்ட படிச்சேன். "சின்ன வயசுல இருந்தே மக்களுக்கு உதவணும்ங்கிறது என் கனவு"ன்னு ஆரம்பிச்சிருக்க. பொய்னு சொல்ல மாட்டேன், நெசமாவே உனக்கு அந்த எண்ணம் இருக்கும். ஆனா இதே வரிய வச்சுக்கிட்டு நர்ஸும் ஆகலாம், டீச்சரும் ஆகலாம், ஆம்புலன்ஸ்லயும் வேல பாக்கலாம். அதனால இன்டர்வியூல அடுத்த கேள்வி நேரா "அப்ப ஏன் நர்ஸிங் எடுக்கல?"ன்னு தான் வரும், முக்காவாசி பசங்க திணர்ற எடமும் அதுதான். சில பேரு பதட்டத்துல "டாக்டர்னா இன்னும் அதிகமா உதவலாம்ல"ன்னு சொல்லி வச்சிடுவாங்க. எதிர்ல உக்காந்திருக்கிற பேனல்ல ஒரு நர்ஸும் இருந்தா சோலி முடிஞ்சுது.

இன்னொண்ணும் கேட்டிருந்த, "வீட்ல யாருக்கும் பெரிய வியாதி வரல, என்ன மாத்துன சம்பவம்னு ஒண்ணும் இல்ல, ஏதாச்சும் ஒரு கதைய சேத்துக்கலாமா"ன்னு. வேணாம்ப்பா. தாத்தா ஹார்ட் அட்டாக் கதைய இன்டர்வியூ எடுக்கிறவங்க அடிக்கடி கேட்டுப் பழகுனவங்க, ரெண்டு கேள்வி குறுக்க கேட்டா நீ மாட்டிக்குவ. அத விடு, சம்பவம் இருந்தாலும் அது பதில் ஆகிடாது. ஒரு சாவைப் பாத்து மனசு கலங்குறது எல்லா மனுஷனுக்கும் உள்ளது தான், டாக்டர் வேலைய வருஷக்கணக்கா பாக்க உனக்குப் பிடிக்குமாங்கிறது வேற கேள்வி.

வேலைன்னா என்னன்னு பாப்போம். ஒருத்தர் வந்து "நெஞ்சு ஒரு மாதிரி இறுக்கமா இருக்கு டாக்டர்"ங்கறார். எப்ப இருந்து, எந்த எடத்துல, கை பக்கமோ தாடை பக்கமோ பரவுதா, நடந்தா கூடுதா, மூச்சு இழுத்தா கூடுதா, வேர்த்துச்சா, இப்படி கேட்டுக்கிட்டே இருக்கும்போதே உள்ளுக்குள்ள ஒரு லிஸ்ட் ஓடும். ஹார்ட் அட்டாக்கா, நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கா, வயித்து ஆசிட்டா, தசை வலியா, இல்ல வெறும் பதட்டமா. ஈசிஜி நார்மலா வரும், ஆனா நார்மலா வந்துட்டா ஹார்ட் அட்டாக் இல்லைன்னு அடிச்சு சொல்லிட முடியாது. இதயத் தசை பாதிச்சா ஏறுற ட்ரோபோனின்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அதுவும் ஆரம்பத்துல ஏறாம இருக்கலாம், சில மணி நேரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். அதுக்குள்ள அவர் "எனக்கு சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போறேன்"னு எந்திரிப்பார், வெளிய இன்னும் இருவது பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க. அனுப்பவா, நிறுத்தவா? முழுசா தெரியாமலே முடிவெடுக்கணும், கீழ உன் பேரப் போட்டு கையெழுத்தும் போடணும், நாளைக்கு அது தப்பாப் போனா பதில் சொல்ல வேண்டியவனும் நீதான். இந்த பாராவ படிக்கும்போது உனக்கு ஆர்வமா இருந்துச்சா, இல்ல வயித்தக் கலக்குச்சா? ரெண்டும் சேர்ந்து வந்தா நல்ல அறிகுறிதான், அலுப்பா இருந்துச்சுன்னா தான் நாம உக்காந்து பேசணும்.

காரணம்னா எப்படி இருக்கணும்னு கேட்டா சிசிலி சாண்டர்ஸ் கதையத் தான் சொல்வேன். இங்கிலாந்துக்காரங்க, யுத்த காலத்துல நர்ஸா பயிற்சி எடுத்தவங்க. முதுகுப் பிரச்சனையால அந்த வேலைய விட்டுட்டு ஆஸ்பத்திரிலயே சோஷியல் வொர்க்கர் ஆனாங்க. சாகப்போற நோயாளிங்க வலியில துடிக்கிறத கிட்ட இருந்து பாத்தாங்க, வலி திரும்ப வர்றதுக்கு முன்னாடியே நேரத்துக்கு மருந்து குடுத்தா நிம்மதியா இருக்காங்கன்னு ஒரு எடத்துல வாலன்டியரா இருந்தப்ப கண்ணால பாத்தாங்க. ஆனா அத எல்லா எடத்துக்கும் கொண்டு போகணும்னா நர்ஸோ சோஷியல் வொர்க்கரோ சொல்லி எடுபடாது, டாக்டரா இருந்தா தான் நடக்கும்னு புரிஞ்சு, முப்பது வயசத் தாண்டுன பிறகு மெடிசின் சேர்ந்தாங்க. 1957ல டாக்டர், 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், அதாவது சாகப்போற நோயாளிங்கள வலியில்லாம பாத்துக்கிற இல்லம், அதத் தொடங்குனாங்க. "ஏன் நர்ஸ் இல்ல"ங்கிற கேள்விக்கு இதவிட கச்சிதமான பதில் எனக்குத் தெரியல. உனக்கு பதினேழு வயசு, இந்த அளவுக்கு காரணம் வச்சிருக்கணும்னு யாரும் எதிர்பாக்கல. கிட்டப் போயி பாத்தியா, பாத்தபிறகும் வேணும்னு தோணுச்சா, அவ்ளோதான் கேப்பாங்க.

அதனால முதல்ல போய் பாரு. பெரிய டாக்டர்கிட்ட போகாத, அவங்க இருவது வருஷக் கஷ்டத்த மறந்துட்டு அழகா பேசுவாங்க. இப்ப ட்ரெயினிங்ல இருக்கிற ஜூனியர் ஒருத்தர பிடி, "போன செவ்வாக்கிழமை காலைல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன பண்ணீங்க"ன்னு கேளு. கேஸ் ஷீட் எழுதுனது, ரிப்போர்ட்டுக்கு ஃபோன் போட்டுக்கிட்டே இருந்தது, சொந்தக்காரங்க கத்துனது, இப்படித்தான் பாதி நாள் போயிருக்கும். முடிஞ்சா முதியோர் இல்லத்துலயோ வேற பராமரிப்பு எடத்துலயோ கொஞ்ச நாள் வாலன்டியரா போ, ஊட்டி விடு, வாந்திய துடை, ஒரே விஷயத்த பத்தாவது தடவ சொல்றவர்கிட்ட பொறுமையா உக்காரு. ராத்திரி வந்து நாலு வரி எழுதி வை, உன் ஸ்டேட்மென்ட்டுக்கு சரக்கு அதுல தான் இருக்கு. (ரத்தத்தப் பாத்தா தல சுத்துதுன்னு பயந்திருந்த. மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ்லயே மயங்கி விழுறவங்க உண்டு, பழகப் பழக பெரும்பாலும் சரியாயிடும். சாப்பிட்டுட்டுப் போ, சுத்துற மாதிரி இருந்தா கால் தசைய இறுக்கிப் பிடி, முடியலன்னா வெக்கப்படாம உக்காந்துடு.)

சம்பளம், மரியாதை இதெல்லாம் மனசுல இருந்தா குத்தமில்ல, எல்லாருக்கும் இருக்கு. ஆனா அது மட்டும்னா தாங்காது. பல நாட்டுல ஸ்கூல் முடிச்சு நேரா சேர்ந்தா அஞ்சு ஆறு வருஷம், அமெரிக்கால முதல்ல டிகிரி முடிச்சுட்டு நாலு வருஷம், அதுக்கு மேல ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரில வேல பாத்துக்கிட்டே எடுக்கிற ட்ரெயினிங், மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும். அங்க ரெசிடென்ட்ஸ் வேலை நேரத்துக்கு 2003ல கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க, அந்தக் கட்டுப்பாடே வாரத்துக்கு சராசரி 80 மணி நேரம்! உன் கூடப் படிச்சவன் வீடு வாங்கி செட்டில் ஆகும்போது நீ நைட் ட்யூட்டில இருப்ப.

அப்பாவுக்காக தான் போறியான்னு கேட்டா நீ பதில் சொல்லல. அவர் பக்கம் ஒரு கேள்வி வை, "நான் சேர்ந்து ரெண்டு வருஷத்துல பிடிக்கலன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க"ன்னு. அவர் சொல்ற பதில வச்சு நாம மேல பேசலாம்.

கடைசியா இன்டர்வியூ. நிறைய எடத்துல இப்ப எம்எம்ஐ (மல்டிபிள் மினி இன்டர்வியூ, குட்டிக் குட்டியா பல இன்டர்வியூ) முறை, கனடால மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது. ஒவ்வொரு ரூமா சில நிமிஷம் தான், மனப்பாடம் பண்ணுன ஸ்பீச் எடுபடாது. பிரிட்டன் போறதா இருந்தா 2026 சேர்க்கைல இருந்து யூகாஸ் (அங்க காலேஜ் அப்ளிகேஷன் எல்லாத்தையும் வாங்குற அமைப்பு) ஸ்டேட்மென்ட்ட மூணு கேள்வியா பிரிச்சுட்டாங்க, முதல் கேள்வியே ஏன் இந்தப் படிப்புன்னு தான். அத முதல்ல எழுதாத. மத்த ரெண்டையும், அதாவது படிப்பு எப்படி தயார் பண்ணுச்சு, வெளிய என்ன பண்ணுனங்கிறத முடிச்சுட்டு வா. வாலன்டியர் நோட்ஸும் கைல இருக்கட்டும், பழைய டிராஃப்ட்ட தொடாம புதுசா எழுதி அனுப்பு, அடுத்த தடவ ஜூனியர் டாக்டர்கிட்ட நீ கேட்டு வந்தத வச்சே ஆரம்பிப்போம்.