முழுத் தூண் வேண்டாம், குதிரையை மட்டும் செய்யுங்கள்

கேள்வி: சென்னையில் ஒரு கேம் ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். பகலெல்லாம் பீப்பாய், வேலி, கதவு என்று ப்ராப்ஸ்தான். இரவில் சொந்தமாக ஆரம்பிக்கும் சிற்பம் எதுவும் முடிந்தபாடில்லை. இப்போது திருவரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்தில் உள்ள குதிரைவீரன் தூண் ஒன்றை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் முழுதாகச் செய்து, டெக்ஸ்சர் (மேற்பரப்பின் நிறமும் தோற்றமும்) போட்டு, 3டி பிரிண்டும் எடுக்க ஆசை. வாரநாட்களில் தினம் ஒரு மணி நேரம், ஞாயிறன்று மூன்று மணி நேரம் கிடைக்கும். எப்படித் திட்டமிடுவது?

பதில்: வாரத்துக்கு எட்டு மணி நேரம். ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால் நாற்பத்தெட்டு. நீங்கள் போட்டிருக்கும் பட்டியலுக்கு இது போதாது. 16-ஆம் நூற்றாண்டில் அந்தத் தூண்களைச் செதுக்கியது பல கைகள். அதில் குதிரை, வீரன், கீழே போரிடும் ஆட்கள், விலங்குகள், அலங்கார வேலை என்று ஐந்தாறு புராஜெக்ட் அடங்கியிருக்கிறது. இந்தமுறை எதைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். பகலில் கதவு, பீப்பாய் என்று வளையாத பரப்புகளோடு பழகுபவருக்கு நான் எழுதித் தரும் வரி இது: ‘முன்னங்கால் தூக்கி எழும் குதிரையின் உடலசைவு.’ வீரன், சேணம், டெக்ஸ்சர் எல்லாம் அந்த வரிக்கு வெளியே. கடிவாளத்தைக்கூட விட்டுவிடலாம்.

ஒரு ஞாயிறு ரயிலேறி நேரில் போய்ப் பாருங்கள். ஒரே தூணைச் சுற்றிச் சுற்றி, சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்து படமெடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் போன் கேமரா குதிரையின் மூக்கைப் பெரிதாக்கிவிடும். போட்டோகிராமெட்ரி செய்து, அதாவது எடுத்த படங்களிலிருந்தே மென்பொருளைக் கொண்டு, மாடலாக்கிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் உங்கள் கைக்கு ஒன்றும் வராது. அந்தக் கல் குதிரை அழகுக்காக மாற்றி வடிக்கப்பட்டது. அதனால் நிஜக் குதிரையின் எலும்புக்கூட்டுப் படமும் பக்கத்தில் இருக்கட்டும்.

எலும்புக்கூட்டில் பார்க்க வேண்டியவை சில. முன்னங்காலின் நடுவில் முழங்கால் போலத் தெரிவது நம் மணிக்கட்டுக்குச் சமம். பின்னங்காலில் பின்னோக்கித் துருத்தி நிற்பது குதிகால். குதிரைக்குத் தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் தசையால் மட்டுமே உடலோடு பிணைந்திருப்பதால், கால் தூக்கும்போது தோள்பட்டையும் சேர்ந்து நகரும். கழுத்து எலும்பு பிடரிமயிரை ஒட்டி ஓடுவதாகப் பலரும் நினைத்துக்கொண்டு செய்கிறார்கள். அது கழுத்தின் அடியில் நன்றாகக் கீழிறங்கித்தான் தோள்களுக்கு நடுவே போகிறது. இந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் கழுத்து பலகை மாதிரி நிற்காது.

மூன்று வாரம், அதாவது பாதி நேரம், பெரிய வடிவத்துக்கே போகட்டும். விலாக்கூடு, இடுப்பு, தலை மூன்றையும் தனித்தனி உருண்டையாக வைத்து, முதல் நாளிலிருந்தே எழும்பிய நிலையிலேயே அடுக்குங்கள். சிமெட்ரியில் (இடமும் வலமும் ஒரே மாதிரி) நேராக நிற்கும் குதிரையைச் செய்து பிறகு மடக்குவது வேகமான வழிதான். ஆனால் உங்கள் குறிக்கோளே அசைவு என்னும்போது அந்த வழி விறைத்த குதிரையைத்தான் தரும். வ்யூபோர்ட்டை (மாடல் தெரியும் திரைப்பகுதி) ஃபிளாட் லைட்டிங்குக்கு மாற்றி, மாடலுக்கு ஒரே கறுப்பு நிறம் கொடுத்து, நிழலுருவம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் நன்றாக இருக்கும் குதிரை முன்னாலிருந்து பார்க்கையில் பெரும்பாலும் கவிழ்ந்துகொண்டிருக்கும். ஸ்கிரீனில் எடை கிடையாது என்பதால், பின்னங்குளம்புகள் உடலின் பாரத்துக்கு நேர் கீழே வருகின்றனவா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உருண்டைகளை இணைத்து, கன்ட்ரோல்-ஆர் அழுத்தி வாக்ஸெல் ரீமெஷ் (பரப்பைச் சீரான கட்டங்களாக மறுபடி அமைப்பது) செய்யும்போதும் மெஷ்ஷை, அதாவது மாடலின் பரப்பான வலையை, 20,000 முகங்களுக்குள் (வலையின் கட்டங்கள்) வைத்திருங்கள். நுணுக்கம் செதுக்க மெஷ்ஷைப் படிப்படியாகப் பிரிக்கும் மல்டிரெஸ்ஸில் ஒவ்வொரு படியும் அந்த எண்ணிக்கையை நான்கு மடங்காக்கும். முதல் படியில் 80,000, இரண்டில் 3,20,000, மூன்றில் 12,80,000. மேல் படிக்குப் போன பிறகு இடுப்பைத் திருப்ப மனசு வராது. நரம்பும் சுருக்கமும் செதுக்கிவிட்டோமே என்று தவறான இடுப்பைக் காப்பாற்றப் பார்ப்போம். பாதியில் நிற்கும் சிற்பங்களில் முக்கால்வாசியின் கதை இதுதான் என்பது என் கணிப்பு.

நான்காவது, ஐந்தாவது வாரங்கள் தசைக்கும் முகத்துக்கும். ஆறாவது வாரம் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். மூன்று லைட், களிமண் நிறத்தில் ஒரு மெட்டீரியல், மாடல் ஒரு சுற்றுச் சுற்றுவதைக் காட்டும் ஒரு டர்ன்டேபிள் ரெண்டர் போதும். யாரிடமாவது கருத்துக் கேட்பதானால் முடிந்ததைக் காட்டாமல் இரண்டாம் வார முடிவில் இருக்கும் உருண்டைகளைக் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். ‘எடை எந்தக் காலில் நிற்கிறது?’ என்று கேளுங்கள்.

3டி பிரிண்ட் இந்த ஆறு வாரத்தில் வேண்டாம். குதிரை முடிந்த பிறகும் ஆசை இருந்தால், 15 சென்டிமீட்டர் உயரத்தில் ரெசின் (ஒளியால் இறுகும் திரவப் பிசின்) பிரிண்ட் எடுக்கலாம். காது நுனி, வால் போன்ற மெல்லிய இடங்களைக் கொஞ்சம் தடிப்பாக்கி, உள்ளே குடைந்து, ரெசின் வடியப் பீடத்தின் அடியில் இரண்டு துளை விடுங்கள்.