பாலிபியஸ் சொன்ன ‘கலப்பு அரசமைப்பு’ என்றால் என்ன?

ஒருவர் ஆளும் முடியாட்சி, சிலர் ஆளும் மேன்மக்கள் ஆட்சி, பலர் ஆளும் மக்களாட்சி ஆகிய மூன்றின் கூறுகளையும் ஒரே அரசில் சேர்த்து வைப்பதுதான் கலப்பு அரசமைப்பு.

ஏன் சேர்க்க வேண்டும்? கி.மு. 167-இல் பிணைக்கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ். 53 ஆண்டுகளுக்குள் ரோம் எப்படி இத்தனை நாடுகளை வென்றது என்பதே அவரைக் குடைந்த கேள்வி. தனித்து நிற்கும் எந்த ஆட்சியும் இரும்பைத் துரு தின்பதுபோல உள்ளிருந்தே கெடும் என்கிறார் அவர். நல்ல அரசனுக்குப் பின், கஷ்டமே அறியாத வாரிசு வருகிறான். முடியாட்சி கொடுங்கோன்மை ஆகிறது. மேன்மக்கள் ஆட்சி பணக்காரக் கும்பலின் கையில் விழுகிறது. மக்களாட்சியும் தப்புவதில்லை, அது கூச்சல் கூட்டமாகிறது. கிரேக்க நகரங்களின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது வெறும் ஊகமல்ல என்பது புரியும்.

ஒரே பெட்டிக்கு மூன்று பூட்டுப் போட்டு, சாவிகளை மூன்று பேரிடம் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ரோமில் படையை நடத்தியவர்கள் ஓராண்டுப் பதவியில் இருந்த இரண்டு கான்சல்கள் என்ற தலைமை அதிகாரிகள்; முடியாட்சியின் கூறு இவர்களே. ஆனால் வீரர்களின் உணவுக்கும் சம்பளத்துக்கும் மேன்மக்களின் அவையான செனட் சம்மதிக்க வேண்டும். போரா சமாதானமா என்பதை மக்கள் பேரவை முடிவு செய்தது. தனியாக எவராலும் பெட்டியைத் திறக்க முடியாது. கிரேக்க, ரோமானிய அரசியல் சிந்தனையைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு, பாலிபியஸ் எழுதிய வரலாற்றின் 6-ஆம் நூலையே நான் முதலில் கொடுப்பேன்.

இதைச் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்ற இன்றைய அதிகாரப் பிரிவினையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே பிரிக்கப்படுவது அரசின் வேலைகள், பாலிபியஸ் பேசியதோ ஒருவர், சிலர், பலர் என்ற ஆள்வோரின் கலப்பு.