பைத்தான் பேக்கேஜ்களில் ரீ-எக்ஸ்போர்ட்: எங்கே செய்யலாம், எங்கே செய்யக்கூடாது?

கேள்வி: திருப்பூர் வீரபாண்டி பக்கம் உள்ள ஒரு சாயப்பட்டறைக்காகத் துணி வரவையும் கூலி பில்லையும் பார்த்துக்கொள்ளும் பைத்தான் நிரலைப் பராமரித்து வருகிறேன். ‘சரக்கு’ என்றொரு பேக்கேஜ் (மாட்யூல்கள் எனப்படும் பைத்தான் கோப்புகள் அடங்கிய கோப்புறை), ‘கூலி’ என்றொரு பேக்கேஜ். ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் நீளமான இம்போர்ட் வரிகளை எழுதுவதைத் தவிர்ப்பதற்காக, வேண்டிய பெயர்களை இரண்டு பேக்கேஜ்களின் இனிட் கோப்பிலும் இம்போர்ட் செய்து வைத்தேன். அதன்பின், பாதி துவங்கிய மாட்யூலிலிருந்து ‘துணிரோல்’ என்ற பெயரை எடுக்க முடியவில்லை என்று பிழை வருகிறது. இனிட் கோப்பின் வரிகளை முன்பின்னாக மாற்றினால் வரவு ஸ்கிரிப்ட் ஓடுகிறது, பில் ஸ்கிரிப்ட் ஓடுவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. திரையில் டார்க் நிறத்தின் கூலியை மட்டும் மாற்றினால் பில்லில் சரியாக வருகிறது. புதிய கூலிப் பட்டியலை மொத்தமாக ஏற்றினால் பழைய கூலியே விழுகிறது. இனிட் கோப்பில் இம்போர்ட் செய்வதே தவறா? (பல்லடம் வாசகர் ஒருவர்)

பதில்: தவறில்லை. பைத்தானின் நிலையான நூலகமே அதைத்தான் செய்கிறது. தரவை உரையாக எழுதவும் படிக்கவும் உதவும் ஜேசன் பேக்கேஜில் டிகோடர் வகுப்பு ஒரு கோப்பிலும் என்கோடர் வகுப்பு இன்னொரு கோப்பிலும் இருக்கின்றன. அவ்விரண்டையும் ஜேசனின் இனிட் கோப்பு இம்போர்ட் செய்து வைத்திருப்பதால்தான், உள்ளே எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே நாம் ஜேசன் என்ற ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு வேலையை முடிக்கிறோம். உங்கள் நிரலில் கோளாறு ரீ-எக்ஸ்போர்ட் செய்ததில், அதாவது உள்கோப்பிலுள்ள பெயரை இனிட் கோப்பு வழியாக வெளியே தந்ததில் இல்லை. வெளியாருக்காக வைத்த அந்தக் குறுக்கு வழியை உங்கள் இரண்டு பேக்கேஜ்களும் தங்களுக்குள்ளேயே பயன்படுத்திக்கொண்டதில் இருக்கிறது.

மேற்கொண்டு போகுமுன் ஒரு குறிப்பு. நிரல் வரிகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஃப்ரம், இம்போர்ட் முதலிய கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கப் பைத்தான் 3 இடம் கொடுக்கிறது என்றாலும், கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் ஆங்கில எழுத்துப் பெயரே பாதுகாப்பு. ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளைச் சில இயங்குதளங்கள் வேறு விதமாகப் பிரித்துச் சேமிக்கக்கூடும், அப்போது கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் கணினிக்கு வேறாகிவிடும். இனிட் கோப்பு என்று நான் சொல்வது, பெயரின் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகளோடு ஒவ்வொரு பேக்கேஜ் கோப்புறையிலும் இருக்கும் அந்தக் கோப்பைத்தான்.

இம்போர்ட் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. முதலில், கேட்ட மாட்யூல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று சிஸ்.மாட்யூல்ஸ் என்னும் பதிவேட்டில் பைத்தான் தேடுகிறது. அங்கே இல்லையென்றால் கோப்பைக் கண்டுபிடித்து, ஒரு வெற்று மாட்யூலை உண்டாக்கி, அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகுதான் கோப்பை மேலிருந்து கீழாக ஓட்டுகிறது. மூன்றாவதாக, கிடைத்த பொருளை அழைத்த கோப்பில் ஒரு பெயரோடு கட்டுகிறது. பதிவேட்டில் எழுதுவது முன்னதாகவும் கோப்பு ஓடி முடிவது பின்னதாகவும் நடக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; உங்கள் முதல் பிழை முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. ‘சரக்கு.ரோல்’ என்று உள்ளே இருக்கும் மாட்யூலைக் கேட்டாலும் முதலில் ‘சரக்கு’ பேக்கேஜின் இனிட் கோப்பு ஓடியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கோப்புகளுக்கு வருவோம். ‘சரக்கு’ பேக்கேஜின் இனிட் கோப்பில் நீங்கள் முதலில் எழுதியிருந்தவை இரண்டு வரிகள்:

ஃப்ரம் .சலான் இம்போர்ட் சலான்
ஃப்ரம் .ரோல் இம்போர்ட் துணிரோல்

‘கூலி’ பேக்கேஜின் இனிட் கோப்பில்:

ஃப்ரம் .பில் இம்போர்ட் கூலிபில்
ஃப்ரம் .விகிதம் இம்போர்ட் கூலிபார்

சலான் கோப்பின் தலையில் ‘ஃப்ரம் கூலி இம்போர்ட் கூலிபார்’ என்றும், பில் கோப்பின் தலையில் ‘ஃப்ரம் சரக்கு இம்போர்ட் துணிரோல்’ என்றும் இருக்கின்றன. வரவு ஸ்கிரிப்ட் ‘சரக்கு’ பேக்கேஜைக் கேட்கிறது. அதன் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது, இனிட் கோப்பின் முதல் வரி ஓடுகிறது, அது சலான் கோப்பைத் திறக்கிறது. சலான் கோப்பு ‘கூலி’யைக் கேட்கிறது, கூலியின் இனிட் கோப்பு பில் கோப்பைத் திறக்கிறது, பில் கோப்பு மறுபடியும் ‘சரக்கு’ பேக்கேஜிடம் வந்து துணிரோலைக் கேட்கிறது. பதிவேட்டில் ‘சரக்கு’ இருக்கிறது, ஆகவே பைத்தான் அதை இரண்டாம் முறை ஓட்டுவதில்லை. ஆனால் அதன் இனிட் கோப்பு இன்னும் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருப்பதால், துணிரோல் என்ற பெயர் அங்கே இன்னும் பிறக்கவில்லை. அந்தப் பெயரில் உள்மாட்யூல் ஏதாவது இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டுப் பைத்தான் பிழையை எறிகிறது. மாட்யூல் பாதி துவங்கிய நிலையில் இருக்கிறது, வட்ட இம்போர்ட் காரணமாக இருக்கலாம் என்று பிழைச் செய்தியே குறிப்புக் கொடுக்கிறது. பழைய பதிப்புகளில் அந்தக் குறிப்பும் இருந்ததில்லை.

இரண்டு வரிகளையும் இடம் மாற்றியபோது வரவு ஸ்கிரிப்ட் ஏன் ஓடியது என்பதும் இதிலிருந்தே விளங்கும். துணிரோல் முதலில் பிறந்துவிடுவதால், பில் கோப்பு சுற்றி வந்து கேட்கும்போது அது கையில் தயாராக இருக்கிறது. ஆனால் பில் ஸ்கிரிப்ட் மறுமுனையிலிருந்து, அதாவது ‘கூலி’யிலிருந்து தொடங்குகிறது. அப்போது பாதியில் நிற்பது கூலியின் இனிட் கோப்பு. சலான் கோப்பு வந்து கேட்கும் கூலிபார் அங்கே இன்னும் பிறந்திருக்காது. வரிசையை மாற்றிச் சமாளிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இம்போர்ட் வரிகளை அகர வரிசையில் அடுக்கும் கருவி ஒன்றை நாளைக்கு உங்களோடு வேலை செய்பவர் ஓட்டினால், பிழை மறுபடியும் தலைகாட்டும். ஏன் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

உடனடித் தீர்வு எளிது. ரீ-எக்ஸ்போர்ட் என்பது பனியன் கம்பெனியின் முன்னலுவலகம் மாதிரி: பார்ட்டிகள் அங்கே வந்து சாம்பிள் கேட்கலாம், ஆனால் கட்டிங் மாஸ்டர் துணிக்காக ரிசப்ஷனில் போய் நிற்பதில்லை, நேரே குடோனுக்குத்தான் போவார். அப்படியே, பில் கோப்பில் ‘ஃப்ரம் சரக்கு.ரோல் இம்போர்ட் துணிரோல்’ என்றும், சலான் கோப்பில் ‘ஃப்ரம் கூலி.விகிதம் இம்போர்ட் கூலிபார்’ என்றும், பெயர் உண்மையில் எழுதப்பட்டிருக்கும் கோப்பிலிருந்தே எடுங்கள். இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், மற்றது நிற்கும். ஒரே பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்புகளுக்கும் இதே விதிதான்: அவை தம் சொந்த இனிட் கோப்பிடம் எதையும் கேட்கக்கூடாது, ‘ஃப்ரம் .ரோல்’ என்று பக்கத்துக் கோப்பிடமே கேட்க வேண்டும்.

இதில் பிழை நிற்கும், வட்டம் நிற்காது. சரக்குக்குக் கூலி வேண்டும், கூலிக்குச் சரக்கு வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை, புதிதாக எழுதும் ஏதோ ஒரு வரி என்றாவது ஒருநாள் அதே இடத்தில் கொண்டுபோய் விடும். எனவே ‘பொது’ என்று மூன்றாவது பேக்கேஜ் ஒன்றை உண்டாக்கி, ரோல், விகிதம் ஆகிய இரு கோப்புகளையும் அதற்குள் நகர்த்துங்கள். பொது பேக்கேஜ் மற்ற இரண்டையும் இம்போர்ட் செய்யவே கூடாது. வேண்டுமானால் கூலி சரக்கை இம்போர்ட் செய்யலாம், சரக்கு கூலியைத் தொடக்கூடாது. உண்மையில், சலானில் எழுத வேண்டியவை ரோல் எண்ணிக்கையும் எடையும் டயாவும் ஜிஎஸ்எம்மும்தான். அதில் கூலியும் அச்சாக வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்டால், சலான் ஃபங்ஷன் போய் விகிதத்தைத் தேடுவதைவிட, அதை அழைப்பவர் விகிதத்தை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்துவிடுவது மேல். இம்போர்ட் வரியை ஃபங்ஷனின் உள்ளே எழுதி வட்டத்தைத் தள்ளிப்போடும் வழியும் உண்டு. வேறு வழியே இல்லாதபோது அதைச் செய்யுங்கள்.

கோப்பை நகர்த்தினால் பழைய ஸ்கிரிப்டுகள் உடையுமே என்று நீங்கள் கேட்கக்கூடும். ரீ-எக்ஸ்போர்ட்டின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. சரக்கின் இனிட் கோப்பில் ‘ஃப்ரம் பொது.ரோல் இம்போர்ட் துணிரோல்’ என்று ஒரு வரி வைத்துவிட்டால், ‘சரக்கு’ என்று கேட்கும் எவருக்கும் வேறுபாடு தெரியாது. பழைய ரோல் கோப்பையும் அழிக்காமல், அதே ஒற்றை வரியோடு அந்த இடத்திலேயே விட்டுவையுங்கள். நாள் முடிவில் துணி வரவைப் பிக்கிள் கோப்பாக (பைத்தான் பொருள்களைச் சேமித்துவைக்கும் வடிவம்) சேமிக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இது கட்டாயம். பிக்கிள் கோப்பு வகுப்பின் நிரலைச் சேமிப்பதில்லை, அது எந்த மாட்யூலில் எந்தப் பெயரில் இருந்தது என்பதை மட்டுமே எழுதிவைக்கிறது, அந்த இடத்தில் பெயர் கிடைக்காவிட்டால் பழைய கோப்பைத் திறக்கவே முடியாது. பைத்தானும் இப்படித்தான் நடந்துகொண்டது: கலெக்ஷன்ஸ் மாட்யூலில் இருந்த மேப்பிங் முதலிய வகுப்புகளை 3.3 பதிப்பில் கலெக்ஷன்ஸ்.ஏபிசி என்ற இடத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் இருந்த பெயர்களை 2021இல் வந்த 3.10 பதிப்பில்தான் எடுத்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி வேறு வகை. பில் கோப்பில் ‘ஃப்ரம் கூலி.விகிதம் இம்போர்ட் நிறக்கூலி’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரி விகிதம் கோப்போடு நிரந்தரத் தொடர்பு எதையும் ஏற்படுத்துவதில்லை. வரி ஓடிய கணத்தில் அந்தப் பெயர் எந்த டிக்ஷனரியை (நிறத்துக்கு எதிரே கூலி என்று ஜோடி ஜோடியாக வைத்திருக்கும் தொகுப்பு) குறித்ததோ, அதே டிக்ஷனரிக்குப் பில் கோப்பிலும் ஒரு பெயர் கட்டப்படுகிறது, அவ்வளவுதான். டார்க் நிறத்தின் கூலியை மட்டும் மாற்றும்போது அந்த டிக்ஷனரியின் உள்ளேதான் மாற்றம் நடக்கிறது, ஆகவே இரு இடத்திலும் தெரிகிறது. லைட், மீடியம், டார்க் எல்லாவற்றுக்கும் புதிய பட்டியலை ஏற்றும்போது, விகிதம் கோப்பிலுள்ள பெயர் புதிய டிக்ஷனரிக்குப் போய்விடுகிறது. பில் கோப்பிலுள்ள பெயர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. இடையில் இனிட் கோப்பு வழியாக ரீ-எக்ஸ்போர்ட்டும் செய்திருந்தால் பழையதைப் பிடித்திருக்கும் பெயர் இன்னொன்று கூடும். மாறக்கூடிய மதிப்புகளை ரீ-எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். ‘ஃப்ரம் பொது இம்போர்ட் விகிதம்’ என்று மாட்யூலையே எடுத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் ‘விகிதம்.நிறக்கூலி’ என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் அப்போதைய மதிப்பே கிடைக்கும். என்னைக் கேட்டால், கூலிப் பட்டியலை நிரலின் நினைவகத்தில் வைக்காமல், எந்தத் தேதியிலிருந்து அமல் என்ற குறிப்போடு தரவுத்தளத்தில் வைப்பேன். பழைய லாட்டுக்குப் புதிய கூலியில் பில் போட்டுப் பார்ட்டியோடு மல்லுக்கு நிற்கும் நிலை அதனால் தவிரும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உங்கள் கோப்புகளில் தெரிகிறது. சலான் என்பது கோப்பின் பெயராகவும் அதற்குள் இருக்கும் ஃபங்ஷனின் பெயராகவும் இருக்கிறது. உள்மாட்யூல் ஒன்றை ஏற்றியதும் பைத்தான் அதன் பெயரைப் பேக்கேஜின் மேல் கட்டிவைக்கும். உங்கள் இனிட் வரி உடனே அதே பெயரை ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் ‘சரக்கு.சலான்’ என்றால் இப்போது ஃபங்ஷன். அதே கோப்பிலுள்ள வேறு எதையும் அந்த வழியில் எட்ட முடியாது. ஃபங்ஷனுக்குச் ‘சலான்போடு’ என்று பெயர் மாற்றிவிடுங்கள்.

இனிட் கோப்பில் நட்சத்திரக் குறியிட்டு எல்லாவற்றையும் இம்போர்ட் செய்யும் பழக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபுறமும் இரட்டை அடிக்கோடு கொண்ட ‘ஆல்’ பட்டியலை ஒவ்வொரு கோப்பிலும் ஒழுங்காக எழுதுபவர்களுக்கு அது சரி. நிலையான நூலகத்தின் அசின்க்ஐஓ பேக்கேஜ் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பட்டியல் இல்லையென்றால், அடிக்கோட்டில் தொடங்காத எல்லாப் பெயர்களும், நீங்கள் வேறு தேவைக்காக இம்போர்ட் செய்த மாட்யூல்கள் உட்பட, வெளியே போய்விடும். நட்சத்திரம் போடாவிட்டாலும் இனிட் கோப்பில் அந்தப் பட்டியலை எழுதிவையுங்கள். ரஃப் போன்ற பிழைதேடும் கருவிகள், பட்டியலில் இல்லாத இம்போர்ட்டுகளைப் பயன்படாதவை என்று குறிக்கும். யாராவது அதை நம்பி அவ்வரிகளை நீக்கிவிட்டால் உங்கள் ரீ-எக்ஸ்போர்ட் காணாமல் போகும். தரவு வகைகளைச் சரிபார்க்கும் மைபை கருவியைக் கண்டிப்பான முறையில் ஓட்டினால், பட்டியலில் இருக்கும் பெயரையோ, ‘துணிரோல் ஆஸ் துணிரோல்’ என்று அதே பெயரைத் திருப்பி எழுதிய இம்போர்ட்டையோ மட்டுமே ரீ-எக்ஸ்போர்ட் என்று அது ஏற்கும்.

எல்லாவற்றையும் மாற்றியபின், சரக்கு, கூலி, பொது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக, புதிதாகத் திறந்த பைத்தானில் தனியே இம்போர்ட் செய்து பாருங்கள். ஒரே அமர்வில் அடுத்தடுத்துச் செய்தால் முதலாவது எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிடும், வட்டம் மறைந்து நிற்கும். பேக்கேஜுக்குள் இருக்கும் பில் கோப்பை நேரடியாக ஓட்டிச் சோதிக்க வேண்டாம். அப்படி ஓட்டினால் அதற்குத் தாய்ப் பேக்கேஜ் எது என்று தெரியாமல் புள்ளியில் தொடங்கும் இம்போர்ட் வரிகள் பிழை கொடுக்கும். பேக்கேஜ்களுக்கு மேலேயுள்ள கோப்புறையில் நின்று, பைத்தானுக்கு ‘-எம்’ தெரிவைக் கொடுத்து, ‘கூலி.பில்’ என்று மாட்யூல் பெயராகவே அழையுங்கள்.