வென்டிலேட்டரை நிறுத்தச் சம்மதிப்பது கிறிஸ்தவ விசுவாசத்துக்கு விரோதமானதா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் உங்கள் தகப்பனார் இனிப் பிழைக்க வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த நிலையில் வென்டிலேட்டரை நிறுத்தச் சம்மதித்தால் அது கொலைக்குச் சமமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்வது அவிசுவாசம் என்று உங்கள் தம்பி சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். சபையின் சார்பில் வியாதியஸ்தரைச் சந்திக்கும் ஊழியத்தில் பல ஆண்டுகளாக இருப்பதால், இதே கேள்வியோடு கலங்கி நிற்கும் குடும்பங்களை நான் அறிவேன். நீங்கள் விவரித்த நிலையில் சம்மதிப்பது பாவமல்ல என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் எந்தக் காரணத்துக்காகச் சம்மதிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே செயலின் தன்மை மாறிவிடும் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உயிர் தேவனுடையது, அதை எடுக்க மனிதனுக்கு உரிமையில்லை என்பதில் திருச்சபைகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அதே நேரத்தில், எந்த விலை கொடுத்தாவது, எத்தனை வேதனை தந்தாவது உயிரை நீட்டித்தே ஆகவேண்டும் என்று கிறிஸ்தவ மரபு ஒருபோதும் கற்பித்ததில்லை. வென்டிலேட்டர் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் குறித்துச் சிந்தித்திருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்காவில் இறையியல் போதித்த பிரான்சிஸ்கோ தே வித்தோரியா, உணவு உட்கொள்வதே பெரும் சித்திரவதையாகிவிட்ட நோயாளி உண்ணாமல் இருந்தால் அது அவர்மீது பாவமாக விழாது என்று எழுதினார். இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாகத்தான், 1957 நவம்பரில் மயக்க மருந்து மருத்துவர்கள் செயற்கைச் சுவாசத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டபோது, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பதில் சொன்னார்: சாதாரணமான வழிகளால் உயிரைக் காப்பது கடமை, நோயாளிக்கோ பிறருக்கோ மிகக் கடுமையான சுமையாகும் வழிகள் கடமையல்ல. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2278ஆம் பத்தியும் இதையே சொல்கிறது. எதிர்பார்க்கும் பலனுக்குப் பொருந்தாத அளவுக்குப் பாரமாகிவிட்ட சிகிச்சையை நிறுத்தும்போது நாம் மரணத்தை விரும்பவில்லை. அதைத் தடுக்க நம்மால் இயலவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறோம். நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். ஆனாலும் இந்த விஷயத்தில் கத்தோலிக்க மரபு செய்து வைத்திருக்கும் நிதானமான வேலைக்கு நாமெல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் கேரன் ஆன் குயின்லன் என்ற இளம்பெண் 1975இல் நினைவிழந்தார். கத்தோலிக்கரான அவருடைய பெற்றோர் தங்கள் பங்குத்தந்தையிடம் ஆலோசனை கேட்ட பிறகே சுவாசக் கருவியை நிறுத்தும்படி கோரினார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1976இல் அதற்கு அனுமதி கிடைத்தது. கருவி நீக்கப்பட்ட பிறகும் கேரன் தானாகவே சுவாசித்து 1985 வரை உயிரோடு இருந்தார். அந்த ஆண்டுகள் முழுவதும் குழாய் வழியாக அவருக்கு உணவு கொடுக்கப்பட்டது. அதை நிறுத்தும்படி பெற்றோர் கேட்கவில்லை. அவர்களுடைய நோக்கம் மகளின் மரணம் அல்ல, பலனற்ற ஒரு சிகிச்சையின் முடிவு மட்டுமே என்பதை அந்த ஒன்பது ஆண்டுகள் காட்டின. கருவியை நிறுத்திய பின்பும் ஒருவர் பிழைத்திருந்தால் நீங்கள் ஏமாற்றமடைவீர்களா, நன்றி சொல்வீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நன்றி சொல்வேன் என்பது உங்கள் பதிலானால், உங்கள் மனதில் கொலை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். எடைபோட வேண்டியது சிகிச்சையை; மனிதரை அல்ல. "இந்தச் சிகிச்சையால் அப்பாவுக்குப் பயனில்லை" என்பது ஒரு முடிவு. "இப்படிப்பட்ட அப்பா இருந்து பயனில்லை" என்பது முற்றிலும் வேறான முடிவு. கேட்பதற்கு இரண்டும் அருகருகே நின்றாலும், இரண்டாவதைக் கிறிஸ்தவர் ஒருவர் சொல்லவே முடியாது. நாஜி ஜெர்மனியில் மனநோயாளிகளும் ஊனமுற்றோரும் பயனற்றவர்கள் என்று கொல்லப்பட்டபோது, மூன்ஸ்டர் ஆயர் கிளமென்ஸ் ஃபொன் காலன் 1941 ஆகஸ்டில் பிரசங்க பீடத்திலிருந்து வெளிப்படையாகக் கண்டித்தது இந்த இரண்டாவது தீர்ப்பைத்தான். நினைவிழந்து படுத்திருக்கும் தகப்பனார் இப்போதும் தேவசாயலில் படைக்கப்பட்டவரே. அவருடைய கனம் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

உங்கள் தம்பியின் கேள்வியை நான் மதிக்கிறேன். அற்புதத்துக்காக ஜெபிப்பதில் தவறே இல்லை. யாக்கோபு நிருபமும் மூப்பர்களை வரவழைத்து ஜெபிக்கச் சொல்கிறது. ஆனால் கர்த்தர் குணமாக்கச் சித்தங்கொண்டால் அவருக்கு வென்டிலேட்டர் தேவையில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அவரால் செயல்பட முடியும் என்று நினைப்பது கருவியின்மேல் வைக்கும் நம்பிக்கை. "நாம் பிழைத்தாலும் கர்த்தருக்கென்று பிழைக்கிறோம், நாம் மரித்தாலும் கர்த்தருக்கென்று மரிக்கிறோம்" என்று எழுதிய பவுல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்றும் எழுதினார். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். மரணத்துக்காக அழலாம், அதை எதிர்க்கலாம். ஆனால் அதுவே இறுதித் தோல்வி என்று நடுங்கி, மனிதர் ஒருவரின் கடைசி நாட்களைக் குழாய்களுக்கும் ஊசிகளுக்கும் ஒப்புக்கொடுக்க உயிர்த்தெழுதலை விசுவாசிப்பவர்களுக்குக் கட்டாயமில்லை.

நோயாளியின் உயிரையே வேண்டுமென்று முடிக்கும் கருணைக்கொலை இதிலிருந்து வேறுபட்டது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இலும் கனடா 2016இலும் அதைச் சட்டபூர்வமாக்கின. ஹான்ஸ் கியூங் போன்ற இறையியலாளரும், தம் கடைசி ஆண்டுகளில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும், நோயாளி தம் முடிவைத் தாமே தேர்ந்தெடுக்க இடம் வேண்டும் என்று பேசினார்கள். வேதனையைக் கண்டு இரங்கியே அவர்கள் பேசினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் என்னால் அவர்களோடு உடன்பட முடியவில்லை. நோயுற்றவர்கள் என்னிடம் அதிகமாகச் சொல்வது வலியைப் பற்றியல்ல. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறேன் என்பதையே சொல்கிறார்கள். சாகும் வாய்ப்பை நாம் கையில் கொடுத்துவிட்டால், உயிரோடு இருப்பதற்கே அவர்கள் நியாயம் சொல்ல வேண்டிவரும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதே கிறிஸ்துவின் பிரமாணம் என்று கலாத்தியர் நிருபம் சொல்லும்போது, பாரமாக இருப்பது எப்படி வெட்கமாகும்? சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று எலியா கேட்டபோது கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கேட்டதைக் கொடுக்கவும் இல்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார்.

வலியைக் குறைக்க மார்பின் கொடுப்பதைப் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். வலியை அடக்கும் நோக்கத்தோடு தேவையான அளவு கொடுப்பது தவறல்ல என்று பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரியிலேயே தெளிவாக்கிவிட்டார். விசுவாசத்தால் உந்தப்பட்ட ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை லண்டனில் 1967இல் தொடங்கி, உடல்வலியோடு பயம், தனிமை, ஆத்துமக் கலக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்று உலகுக்குக் கற்றுக்கொடுத்தார். எனவே வென்டிலேட்டரை நிறுத்தும் முன், மூச்சுத் திணறல் தெரியாதபடி என்ன மருந்து கொடுப்பார்கள், யார் உடன் இருப்பார்கள் என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். சிகிச்சை நிற்கலாம், பராமரிப்பு நிற்கக்கூடாது.

குழாய் வழியாகக் கொடுக்கும் உணவும் நீரும் சிகிச்சையா, அடிப்படைப் பராமரிப்பா என்பதில் மட்டும் கிறிஸ்தவர்களிடையே உண்மையான விவாதம் இருக்கிறது. நிரந்தரமாக நினைவிழந்தவர்களுக்கும் அவற்றைக் கொடுப்பது கொள்கையளவில் கடமை என்று 2004இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கூறினார். சீர்திருத்த சபையினர் பலர் இதை அவரவர் நிலைக்கேற்ற தீர்மானமாக விட்டுவிடுகிறார்கள். உடல் உணவை ஏற்கும்வரை கொடுக்கவேண்டும், ஏற்க மறுத்து அதுவே துன்பமாகும்போது நிறுத்தலாம் என்பது என் கருத்து. உங்கள் கேள்வி வென்டிலேட்டரைப் பற்றியது என்பதால் இதில் அதிகம் நிற்கவில்லை.

செலவைக் குறித்துக் கேட்கத் தயங்கியதையும் உங்கள் எழுத்தில் கண்டேன். தயங்க வேண்டாம். குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்படும் மிகையான செலவையும் கருத்தில் கொள்ளலாம் என்று கருணைக்கொலையைப் பற்றிய வத்திக்கானின் 1980ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

தகப்பனார் நினைவோடு இருந்த காலத்தில் இதைக் குறித்து ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று அம்மாவிடமும் தம்பியிடமும் விசாரியுங்கள். அவருடைய விருப்பமே உங்கள் எல்லோருடைய விருப்பத்துக்கும் முந்தியது. பிறகு மருத்துவரையும் உங்கள் போதகரையும் ஒரே நேரத்தில், ஒரே அறையில், தம்பியையும் வைத்துக்கொண்டு சந்தியுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் வாயிலாகக் கேட்கும்போதுதான் சகோதரர்களுக்குள் கசப்பு வளர்கிறது. தம்பிக்கு இன்னும் சில நாட்கள் தேவைப்பட்டால், இன்ன தேதிவரை பார்ப்போம், முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துவோம் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். பல மருத்துவமனைகளில் இதற்கு இடம் கொடுப்பார்கள். இறுதியில் கையெழுத்திட வேண்டியிருந்தால், அதை நீங்கள் ஒருவராகச் சுமக்காமல், முடிந்தவரை எல்லோரும் ஒருமனப்பட்ட பிறகு செய்யுங்கள்.