காயத்தைக் காற்றாட விட்டால்தான் ஆறுமா?

அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் விழுந்து தம்பிக்கு முழங்கையில் சிராய்ப்பு, கட்டுப் போடலாமா, தழும்பு போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டிடி ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி. வாடிவாசல் மண்ணில் சாணம் கலந்திருக்கும்.

கட்டு தாராளமாகப் போடலாம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. பொருக்கு தட்டினால் புதுச் செல்கள் அதற்கு அடியில் புகுந்துதான் நகர வேண்டும். அதனால் கழுவி, வாஸ்லின் தடவி மூடுங்கள். காப்பித்தூள் வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம்!

தழும்பு மங்கும், முழுக்கப் போகாது. தோலுக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரத நார்கள் ஓராண்டு வரைகூட மாறிக்கொண்டிருக்கும். அப்போதும் அந்த இடத்துத் தோலுக்குப் பழைய வலுவில் சுமார் 80 சதவீதம்தான். மேடு தட்டினால் சிலிகான் ஷீட் ஒட்டலாம். காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்ந்தால் அது கெலாய்டு. வேறு சிகிச்சை இல்லாமல் வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டுங்கள்.